எண்ணிவைத்த கூடுகள்

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கூரையில் வந்து அமரும் காகங்கள் எத்தனை என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? "காகத்தைப் போய் யாராவது எண்ணுவார்களா?" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். எங்கும் நிறைந்திருக்கும் ஒன்றை எண்ண யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அப்படி எங்கும் நிறைந்திருந்த ஒரு பறவையை ஓர் ஆராய்ச்சி மாணவர் மரம் மரமாகச் சென்று எண்ணி, குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை ஒரு பெரிய ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பரத்பூரில் ஓர் ஆராய்ச்சி மாணவர்

இராஜஸ்தான் மாநிலத்தில், ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் வழியில் பரத்பூர் என்ற ஊர் உள்ளது. அதை அடுத்துக் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பளவு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்த இடம் இது. ஆழமற்ற நீர்நிலைகளும், புல்வெளிகளும், நீர்க்கடம்பு, கருவேல் போன்ற மரங்களும் இங்கே உள்ளன. 1985ஆம் ஆண்டில் இது உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

அந்நாட்களில் பரத்பூருக்கு வந்தவர்களில் பலர் சைபீரியக் கொக்குகளைக் காணவே வந்தனர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து குளிர்காலத்தை இங்கே கழித்த அரிய பறவைகள் அவை. (2002ஆம் ஆண்டுக்குப் பின் அவை அங்கு வருவதில்லை.) கொக்குகளைக் காண வந்தவர்கள், மரங்களின் உச்சியில் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருந்த பாறுகளைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். பாறு என்பது, நாம் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பறவையே.

1980களில் விபு பிரகாஷ் என்ற இளைஞர் அங்கே தங்கியிருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மூலமாக முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துவந்தார். அப்பூங்காவில் வாழும் வேட்டைப் பறவைகளின் சூழலியலே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கழுகு, பருந்து, பாறு, ஆந்தை ஆகிய யாவும் அதில் அடங்கும்.

பாறு வேட்டையாடுவதில்லையே, அது எப்படி வேட்டைப் பறவையாகும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பாறு செத்த விலங்குகளையே உண்கிறது. ஆயினும் வளைந்த கூரிய அலகு, கூர்மையான பார்வை, உடல் அமைப்பு ஆகியவற்றால் அது கழுகுகளுக்கும் பருந்துகளுக்கும் நெருங்கிய உறவாகும். எனவே விஞ்ஞானிகள் இவற்றை ஒரே குடும்பத்தில் சேர்த்துள்ளனர்.

என்ன கேட்கிறார்கள்? எப்படி அறிகிறார்கள்?

வேட்டைப் பறவைகளின் சூழலியலை ஆராயும் மாணவர் முதலில் சில எளிய கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். இந்த இடத்தில் எத்தனை வகைகள் உள்ளன? ஒவ்வொன்றிலும் எத்தனை? அவை எதை உண்கின்றன? எங்கே கூடு கட்டுகின்றன? எத்தனை குஞ்சுகள் பிழைத்துப் பறக்கின்றன? இத்தனை வகைகள் ஒரே இடத்தில் எப்படிச் சண்டையின்றி வாழ்கின்றன?

கடைசிக் கேள்விக்கு விடை சுவையானது. சேற்றுப் பருந்து நாணற்புதர்களின் மேலே தாழப் பறந்து இரை தேடும். பாம்புண்ணிக் கழுகு மரத்தில் அமர்ந்து தரையை உற்றுநோக்கிப் பாம்புகளைப் பிடிக்கும். ஆந்தை இரவில் எலிகளைப் பிடிக்கும். பாறு வானத்தில் மிக உயரத்தில் வட்டமிட்டுச் செத்த மாட்டைத் தேடும். இப்படி, இரையாலும் இடத்தாலும் நேரத்தாலும் அவை பிரிந்து வாழ்கின்றன.

இவற்றையெல்லாம் அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு தொலைநோக்கி, நிலப்படம், குறிப்பேடு, பென்சில், இவற்றுடன் அளவற்ற பொறுமை வேண்டும். ஆந்தைகளும் வேறு பல வேட்டைப் பறவைகளும் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் தாடை எலும்பு கிடைக்கும். அதைக் கொண்டு எந்த வகை எலி என்பதையும் சொல்லிவிடலாம்.

கூடுகளை எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. கூடுள்ள மரத்தை நிலப்படத்தில் குறித்து அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். மரத்தில் கூடு இருந்தால் மட்டும் போதாது. அதில் பறவை அடைகாக்கிறதா, குஞ்சு உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய வெறுங்கூடு கணக்கில் சேராது. ஒரே கூட்டைப் பருவம் முழுவதும் பலமுறை சென்று பார்க்க வேண்டும். ஒன்றும் காணாத நாளில் "ஒன்றுமில்லை" என்றும் எழுதி வைக்க வேண்டும். அதுவும் ஒரு செய்திதான்.

இவ்வாறு எண்ணியபோது, 1980களின் நடுவில், அந்தச் சிறிய பூங்காவில் வெண்முதுகுப் பாறுகள் மட்டும் ஏறத்தாழ 350 இணைகள் கூடு கட்டியிருந்தது தெரியவந்தது. அக்காலத்தில் இது யாருக்கும் வியப்பளிக்கவில்லை. உலகிலுள்ள பெரிய வேட்டைப் பறவைகளுள் எண்ணிக்கையில் மிகுந்தது வெண்முதுகுப் பாறாகவே இருக்கக்கூடும் என்று அப்போது பறவையியல் அறிஞர்கள் கருதினர். ஆராய்ச்சி முடிந்தது. ஆய்வேடு எழுதப்பட்டது. எண்ணிக்கை அதற்குள் அடங்கிக் கிடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்

1996ஆம் ஆண்டில் விபு பிரகாஷ் மீண்டும் கேவலாதேவ் சென்று கூடுகளை எண்ணினார். முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. பல கூடுகள் வெறுமையாகக் கிடந்தன. புதர்களின் அடியிலும் மரக்கிளைகளிலும் பாறுகள் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவற்றில் சில, தலையைத் தொங்கவிட்டபடி சோர்ந்து அமர்ந்திருந்தன. 1990களின் முடிவில் கூடுகள் மிகச் சொற்பமாகிவிட்டன. பின்னர் அவையும் இல்லாமற்போயின.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். 1996இல் முதன்முறையாக அங்கு சென்ற ஒருவர் என்ன எண்ணியிருப்பார்? நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளைக் கண்டு, "அடேயப்பா, எத்தனை பாறுகள்!" என்றே வியந்திருப்பார். வீழ்ச்சி அவர் கண்ணுக்குத் தெரிந்திராது. முன்பு எத்தனை இருந்தன என்ற கணக்கு கையில் இருந்ததால்தான், பாதிக்குமேல் போய்விட்டது என்பது விளங்கியது.

இது ஒரு பூங்காவின் துன்பம் மட்டுந்தானா? அதை அறியவும் பழைய கணக்கு ஒன்று உதவியது. 1991 முதல் 1993 வரை நாட்டின் பல பகுதிகளில் வண்டியில் சென்று, சாலையோரங்களில் தென்படும் வேட்டைப் பறவைகளை எண்ணி வைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டு முதல் அதே வழிகளில் மீண்டும் சென்று எண்ணினர். 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவு அதிர்ச்சி தருவதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இருந்த ஒவ்வோர் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகளுக்கும் ஒன்றே மிஞ்சியிருந்தது. வேறு இரு வகைப் பாறுகளும் நூற்றுக்கு 97 வீதம் குறைந்துபோயிருந்தன.

காரணம் என்ன?

முதலில் எழுந்த ஐயம் உணவுப் பஞ்சம். ஆனால் செத்த மாடுகள் உண்ண ஆளின்றி அழுகிக் கிடந்தன. எனவே பஞ்சம் காரணமல்ல. அடுத்து, தொற்றுநோயாக இருக்கலாம் என்று பலர் கருதினர். கிருமியைத் தேடினர், கிடைக்கவில்லை.

அதே வேளையில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்திலும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. பெரிகிரின் ஃபண்ட் என்ற அமெரிக்க நிறுவனமும் பாகிஸ்தானின் பறவையியலாளர்களும் அங்கே சேர்ந்து பணியாற்றினர். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்ணிறப் படலம் காணப்பட்டது. அது யூரிக் அமிலம். பறவைகள் தம் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன என்று நீங்கள் உயிரியலில் படித்திருப்பீர்கள். சிறுநீரகம் பழுதானால் அவ்வமிலம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் பெருகி, உறுப்புகளின்மேல் படிகிறது. ஆகவே பாறுகளைக் கொன்றது சிறுநீரகப் பழுது என்பது உறுதியாயிற்று.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? ஆராய்ச்சியாளரான லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் நோய்க்கிருமிகள், பூச்சிமருந்துகள், ஈயம் போன்ற உலோகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினர். பிறகு வேறு வழியில் சிந்தித்தனர். பாறுகளின் உணவு செத்த கால்நடைகள். அப்படியானால் கால்நடைகளுக்குக் கொடுக்கும் மருந்து எதுவாவது காரணமாக இருக்குமோ? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்தனர். அண்மைக் காலத்தில் பரவலானது எது? அவற்றுள் சிறுநீரகத்திற்கு ஊறு செய்யக்கூடியது எது? இக்கேள்விகளுக்குப் பொருந்தி வந்த மருந்து டைக்ளோஃபினாக்.

டைக்ளோஃபினாக் என்பது வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மருந்து. மனிதர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மாட்டிற்கு மூட்டு வலியோ காய்ச்சலோ கண்டால் விலை மலிவான இவ்வூசியைப் போடுவது 1990களில் வழக்கமாயிற்று. ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்துவிட்டால் மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அதை உண்ணும் பாறு சில நாட்களில் மடியும்.

இதை எப்படி மெய்ப்பித்தனர்? சிறுநீரகம் பழுதாகி இறந்த 25 பாறுகளைச் சோதித்தனர். 25இலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளைச் சோதித்தனர். ஒன்றில்கூட அது இல்லை. இதைவிடத் தெளிவான விடை அறிவியலில் எளிதில் கிடைப்பதில்லை. இம்முடிவு 2004ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளியாயிற்று.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

"எல்லா மாடுகளுக்குமா ஊசி போடுகிறார்கள்? சில மாடுகளில் நஞ்சு இருந்தால் இத்தனை பாறுகளா மடியும்?" என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பாறு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வயிறார உண்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 வேளை ஆகிறது. செத்த மாடுகளில் 200க்கு ஒன்றில் மட்டும் கொல்லும் அளவு மருந்து இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு வேளை உண்டு பிழைக்கும் வாய்ப்பு 200இல் 199. மிக நல்ல வாய்ப்பாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அந்த வாய்ப்பு ஆண்டில் 120 முறையும் பலிக்க வேண்டும். 199/200 என்ற பின்னத்தை 120 முறை தன்னாலேயே பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.55 வரும். அதாவது, 100 பாறுகளில் 55 மட்டுமே ஆண்டின் முடிவில் உயிரோடிருக்கும். இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டில் 16, ஐந்தாம் ஆண்டில் 5!

இக்கணக்கில் புதிதாகப் பிறக்கும் குஞ்சுகளையும் வேறு காரணங்களால் வரும் சாவுகளையும் விட்டுவிட்டோம். ஆயினும் விஞ்ஞானிகள் முறையாகக் கணக்கிட்டபோதும், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான உடல்களில் நஞ்சு இருந்தாலே இவ்வீழ்ச்சிக்குப் போதும் என்ற முடிவே கிடைத்தது. 2000 முதல் 2007 வரை நடந்த சாலைவழிக் கணக்கெடுப்புகளில், வெண்முதுகுப் பாறு ஆண்டுக்குச் சுமார் 44 விழுக்காடு குறைந்துவந்தது தெரிந்தது.

இழப்பை ஈடுசெய்யப் பாறுகளால் முடியவில்லை. ஏன் தெரியுமா? வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். நீண்ட நாள் வாழ்ந்து, மெல்ல மெல்லப் பெருகும் வாழ்க்கை அது. முதிர்ந்த பறவைகள் விரைவாக மடியத் தொடங்கினால் அந்த இனம் தாங்காது.

பாறு இல்லாவிட்டால் என்ன?

"பிணந்தின்னும் பறவை போனால் போகட்டுமே" என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஒரு பாறுக் கூட்டம் செத்த மாடு ஒன்றை அரை மணி நேரத்திற்குள் எலும்புக்கூடாக்கிவிடும். அதன் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் பல நோய்க்கிருமிகளை அழித்துவிடும். பாறுகள் குறைந்தபின், செத்த மாடுகள் ஊர்ப்புறங்களிலும் நீர்நிலைகளின் அருகிலும் அழுகின. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. நாய்களோடு வெறிநோய் அச்சமும் பெருகிற்று. பாறுகளின் மறைவால் சுகாதாரம் கெட்டு, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆராய்ச்சி மதிப்பிடுகிறது.

செய்த பரிகாரம்

காரணம் தெரிந்தபின் நடவடிக்கை எடுக்க முடிந்தது. 2006ஆம் ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தன. மாட்டின் வலிக்கு வேறு மருந்து வேண்டுமே! மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று சோதனைகள் காட்டின. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாடுகளுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் அம்மருந்தை 3 மில்லிலிட்டர் சிறு புட்டிகளில் மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பாறுகளுக்கு ஆபத்தான கீட்டோபுரோஃபன், அசெக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளும் கால்நடைகளுக்கு 2023இல் தடைசெய்யப்பட்டன. ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் நிலையத்தில் பாறுகள் குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகின்றன. அந்தப் பணியையும் நெடுங்காலம் முன்னின்று நடத்தியவர் விபு பிரகாஷ்தான்.

வீழ்ச்சியின் வேகம் குறைந்துள்ளது. ஆயினும் 2015ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைக் கொண்டு பார்த்தால், ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகள் நாடெங்கும் சுமார் 6,000 அளவில்தான் இருந்தன. தமிழ்நாட்டில் நீலகிரியின் அடிவாரத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருத மரங்களில் அவை இன்றும் கூடு கட்டுகின்றன. இந்தியாவின் தென்கோடியில் எஞ்சியிருக்கும் பாறுக் கூட்டங்களுள் அது ஒன்று. அங்கும் ஆண்டுதோறும் கூடுகளை எண்ணுகிறார்கள்.

உங்கள் குறிப்பேடு

விபு பிரகாஷ் முதலில் கூடுகளை எண்ணியபோது, பாறுகளுக்கு ஆபத்து வரும் என்பதை அறிந்து எண்ணவில்லை. அந்த மருந்து அப்போது நம் மாடுகளுக்குப் பரவலாகப் போடப்படவும் இல்லை. ஒரு பறவை எத்தனை உள்ளது, எப்படி வாழ்கிறது என்பதைச் சரியாக அறிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் ஆபத்து வந்தபின் பழைய எண்ணிக்கையைப் புதிதாகத் தேடிப் பெற முடியாது. முன்பே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

நீங்களும் இன்றே இத்தகைய வேலையைத் தொடங்கலாம். உங்கள் ஊரில் நிறைய உள்ள ஒரு பறவையைத் தேர்ந்துகொள்ளுங்கள். செம்பருந்தோ கரும்பருந்தோ மைனாவோ காகமோ எதுவாயினும் சரி. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நின்று எண்ணுங்கள். நாள், நேரம், வானிலை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் சுழியம் என்று எழுதத் தயங்காதீர்கள். கணக்கைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். பள்ளியை விட்டுச் செல்லும்போது குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து அப்பறவை உங்கள் ஊரில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று யாரேனும் கேட்டால், விடை சொல்ல அந்தக் குறிப்பேடு இருக்கும். நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் வரியை எழுதிவிடுங்கள்.